முனியாண்டிக்குப் பிடித்த போத்தல்

இலங்கையில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற நல்லமுத்து, 2006ஆம் ஆண்டு ஒரு சத்தியத்தோடுதான் லண்டனுக்கு விமானம் ஏறினார். சத்தியத்தை வாங்கியவள் அவர் மனைவி பேச்சியம்மா. அதற்கு முந்தின தீபாவளிக்கு மனுஷன் மப்பில் ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “வா புள்ள, வீட்டுக்குப் போவோம்” என்று விடியும்வரை கெஞ்சியிருக்கிறார். மறுநாளே சூடத்தைக் கொளுத்தி நீட்டிவிட்டாள்.

“சாமிக்குப் படைச்சத தவிர ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னார். ஆண்டுக்கொரு முறை மலையடி முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். பூசை முடிந்தால் அது பிரசாதம். பிரசாதத்தை வேண்டாமென்று யார் சொல்ல முடியும்? அந்த ஒரு நாளை மட்டும் பேச்சியம்மா விட்டுக்கொடுத்திருந்தாள். அந்த ஓட்டையில் ஒரு லொறியே நுழையும் என்று பாவம், அவளுக்கு அப்போது தெரியாது.

இருவரும் லண்டனில் மகள் ரஜனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே மருமகன் ஒரு பியர் போத்தலைத் திறந்தார். நல்லமுத்து எழுந்தார். பெட்டியைத் திறந்து முனியாண்டி படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். போத்தலை அதன் முன்னால் நகர்த்தி, ஊதுபத்தி கொளுத்தினார்.

“என்னாங்க செய்றீங்க?”

“படைக்கிறேன் புள்ள. வந்த எடத்துல சாமிய பட்டினி போடலாமா?”

“வருசத்துக்கு ஒரு தடவதான பூச?”

“அது நம்ம ஊரு கணக்கு. இங்க எப்பிடி குளிருது! சாமிக்கும் குளிரும்ல?”

“ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றாள் பேச்சியம்மா. அதற்குள் பிரசாதம் பாதி இறங்கிவிட்டது.

அதன் பிறகு முனியாண்டிக்கு ஓய்வே இல்லை. திங்களன்று கறுப்பு பியர். கருகிய தேயிலைத் தூள் போல ஒரு கசப்பு. செவ்வாயன்று வெதுவெதுப்பான பழுப்பு பியர். அதைக் கோப்பை கழுவிய தண்ணீர் என்று தள்ளினார், தள்ளுமுன் குடித்துவிட்டார். வெளியே போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னப் படம். மதுக்கடை மேசையில் உப்புக் குப்பியின் மேல் சாய்த்து வைத்துக் கும்பிடுவார். வெள்ளைக்காரர்கள் அவரை மகா பக்திமான் என்று நினைத்தார்கள்.

கடைசியில் ஒரு கிராமத்துச் சந்தையில் பேரிக்காய் சைடர் என்ற பழ மது கிடைத்தது. முதல் மிடறிலேயே நல்லமுத்துவின் கண் கலங்கிவிட்டது. இதைக் குடிக்காமலா இத்தனை காலம் உயிரோடு இருந்தோம் என்று நினைத்தார்.

“பேச்சி, முனியாண்டிக்கு இதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு.”

“சாமி சொல்லுச்சா?”

“என் நாக்குல வந்து சொல்லுச்சு.”

“ஓகோ, சாமி நம்ம மேலெல்லாம் வருமா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சியம்மா பேசாமல் இருந்தாள். பேச்சியம்மா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். சைடர் உள்ளே இருந்ததால் அவர் பயப்படவில்லை.

கம்பளிச் சட்டைகளுக்குள் சுற்றி நாலு சைடர் போத்தல் கந்தப்பளை வந்து சேர்ந்தது. ஒன்றைக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். மீதி மூன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தின் முன்னால் வரிசையாக வைத்தார். கோயிலில் உடுக்கடிக்கும் மூக்கன், அவருடைய பழைய போத்தல் கூட்டாளி, சொல்லாமலே கிளாசோடு வந்துவிட்டான்.

“ரெண்டு அடி அடி மூக்கா. எதுவும் மொறையா இருக்கணும்.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். உடுக்கு ஒலித்ததும் குசினிக்குள்ளிருந்து ஓர் அலறல். தலைவிரி கோலமாகப் பேச்சியம்மா வந்து நின்றாள்.

“டேய் நல்லமுத்து!”

கலியாணம் கட்டிய நாள் முதல் அவர் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். சாமான் வாங்கும் சங்கக் கடையில் பெயர் கேட்டால்கூட ‘ரஜனி அப்பா’தான். மூக்கன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“சாமி...”

“வெள்ளக்கார தேசத்துல எனக்கு வாசனைய காட்டிட்டு நீ குடிச்சியாடா?”

“தப்புதான் சாமி.”

“எனக்கு ஒரு சொட்டு ஊத்துனியா?”

“இல்ல சாமி.”

“இப்ப ஊத்துடா!”

நல்லமுத்து யோசித்துப் பார்த்தார். வந்தது சாமி இல்லை என்றால், லண்டனில் படைத்ததும் சாமிக்கில்லை, சத்தியம் மீறியாயிற்று. சாமிதான் என்றால் சைடர் போயிற்று. ஊற்றினார். முதல் மிடறுக்குச் சாமி முகத்தைச் சுளித்தது. அடுத்த மிடறுக்குச் சுளிக்கவில்லை. மூன்றாவது போத்தலைச் சாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டே குடித்தது.

“சாமி, பிரசாதம்...” என்று மூக்கன் கிளாசை நீட்டினான்.

“எச்சியா கேக்குற?” என்றது சாமி. மூக்கன் உடுக்கை விட்டுவிட்டே ஓடிப்போனான்.

திருநீறு பூசியதும் சாமி மலையேறியது. பேச்சியம்மா கொண்டையை முடிந்துகொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

“என்னாங்க நடந்துச்சு? வாயெல்லாம் இனிக்குது.”

“சாமி வந்துச்சு புள்ள.” அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “மொத்தமா குடிச்சிருச்சு.”

“என்னா பாக்கியம்! ஒங்க பக்திக்கு நேர்லயே வந்துருச்சே!”

ஆறுதலாக ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லமுத்து கட்டிலுக்கடியில் இருந்ததை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

“ஏங்க, சாமி போறப்ப காதுல ஒன்னு சொல்லுச்சு” என்றாள் பேச்சியம்மா. “கட்டிலுக்கடியில இருக்கறத செவ்வாக்கெழம வந்து குடிச்சுக்குமாம்.”