ஏச்சுக்கு ஆகாத குளிசை

மேலதிகாரிக்குப் பயந்து பயந்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் நல்லரத்தினம். களுவாஞ்சிக்குடி டொக்டர் பதற்றத்துக்கும் வயிற்றுக்கும் சேர்த்து ஒரே குளிசை எழுதினார். நித்திரை வரும், வாய் காயும், மலம் இறுகும்; பைக் ஓடக்கூடாது, சாராயம் தொடக்கூடாது என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் நல்லரத்தினம் கடைசி இரண்டையும் வெட்டிவிட்டார். சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்தார்.

“மங்கை, இந்தக் குளிசைக்கு ஏச்சு ஆகாதாம். ஆரும் ஏசினா வயித்துக்குள்ள கல்லாப் போயிருமாம்.”

“டொக்டரா சொன்னவர்?”

“பின்ன, நானா டொக்டருக்குப் படிச்சன்?”

மங்கையற்கரசி குளிசைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓம். ஏசாம விட்டாப் போச்சு.”

லீவு போட்டுவிட்டு மூன்று நாள் சொர்க்கத்தில் இருந்தார். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டார், ஏச்சில்லை. நாறல் மீன் வாங்கி வந்தார், ஏச்சில்லை. மத்தியானம் சோறு இறங்கியதும் நித்திரை அமுக்கும். ஐந்து மணிக்குக் கண் திறந்தால் தேத்தண்ணி. வாய் மட்டும் கருவாடு.

ஞாயிற்றுக்கிழமைதான் கண்டம். ஆரையம்பதியில் மச்சாள் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. அதே நாள் வாவிக்கரையில் கூட்டாளிமாரின் நண்டுக்கறி, போத்தல். ஊர் வழக்கப்படி வீடு பெண்சாதியின் பேரில். அவர் பேரில் இருந்தது பைக் ஒன்றுதான். அதையாவது தன் இஷ்டத்துக்கு ஓடவேண்டாமா?

“தலை சுத்துது மங்கை. நீ பஸ்ஸில போ.”

அவள் வெளிக்கிட்டுப் போனதும் எழும்பி பைக் திறப்பைத் தேடினார். இல்லை. வாசலுக்கு ஓடினார். பைக்குக்குப் பக்கத்தில் அவள் நின்றாள்.

“திறப்பு எங்க?”

“எதுக்கு? தலை சுத்துது எண்டீங்க.”

“சும்மா... துடைக்க.”

“இதைக் குடிச்சிட்டு பைக் ஓடேலா, சாராயமும் குடிக்கேலா. பாமசியில நிக்கிற சுலோஜனாவுக்கு முதல் நாளே போனில கோல் எடுத்துக் கேட்ட நான்.”

“அப்ப இண்டையோட குளிசையை நிப்பாட்டுறன்!”

“டொக்டரைக் கேக்காம சடாரெண்டு நிப்பாட்டவும் கூடாதாம். கைகால் நடுங்குமாம்.”

நல்லரத்தினம் எச்சில் விழுங்கப் பார்த்தார். எச்சில் இல்லை.

“ஏச்சுக் கதையும்...?”

“பொய்யெண்டு அண்டைக்கே தெரியும்.”

“மறுகா ஏன் ஏசாம இருந்தாய்?”

“ஏசினா எழும்பிருவீங்களே. கலியாணத்துக்கு முதலே லைசன் எடுத்த நான். நீங்க பைக்கைத் தொட விட்டாத்தானே? மூணு நாளும் நீங்க படுக்கக்குள்ள ஓடித் திரும்பப் பழகிட்டன்.”

ஒரே உதையில் பைக் எடுத்தாள்.

“சேட்டுப் போட்டுட்டு ஏறுங்க. நித்திரை வந்தா முன்னுக்கே சொல்லுங்க, துவாயால என்னோட சேத்துக் கட்டிப்போடுறன்.”