சைபருக்குக் கீழே நாலு

குளிர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

மே மாதத்து மத்தியானம் ஒன்றரை மணிக்கு, கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், பனியனை நெஞ்சுவரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஜானகிராமன் இதை அறிவித்தார். அணுமின் நிலையத்தில் அவர் டிராப்ட்ஸ்மேன். வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தப்பினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

"வெப்பம் இருக்கு. வெப்பம் கம்மியா இருக்கு. அவ்ளோதான் சாரதா. குளிர்னு தனியா ஒரு வஸ்து இல்ல. கம்பளி போத்திக்கறவன் தன் அறியாமையைத்தான் போத்திக்கறான்."

மனைவி சாரதாம்பாள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸில் அவரை ஒரு வருஷத்துக்குக் கனடா அனுப்புகிறார்கள், குடும்பத்தோடு. கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூன்று வயது மகள் அம்சா வெக்கை தாங்காமல் ஜட்டியோடு சிமெண்ட் தரையில் கவிழ்ந்து கிடந்தாள்.

"அறியாமையாவே இருக்கட்டும். எங்க அண்ணன் எழுதினதுக்கு வழி பண்ணுங்க" என்றாள் சாரதாம்பாள்.

அண்ணன் மான்ட்ரியலில் இருந்தார். கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தார். அங்கே காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதற்கென்று தனி நாற்காலி உண்டு. தோளிலும் இடுப்பிலும் வார் போட்டுக் கட்டிவிடுவார்கள். தடித்த கோட்டுக்கு மேலே வாரைக் கட்டினால் கோட்டைக் கட்டியதாகுமே தவிர குழந்தையைக் கட்டியதாகாது. ஆகவே, மெல்லிய சட்டையோடு முதலில் குழந்தையைக் கட்டிவிட்டு, மேலே கம்பளியில் ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். அதற்குக் கை கிடையாது. நடுவில் தலை நுழைய ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் குல்லா. பெயர் போன்ச்சோ. 'இங்கேயும் கிடைக்கிறது. ஆனால் கலர் ஒன்றும் சகிக்கவில்லை. அங்கிருந்தே தைத்து எடுத்து வரவும்' என்று முடித்திருந்தார்.

"அம்சாவுக்குக் குளிராதுன்னு என் கண்ணுக்குத் தெரியணும்" என்றாள் சாரதாம்பாள். "இல்லன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நாங்க எங்கம்மா வூட்ல இருந்துக்கறோம்."

ஜானகிராமன் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்சா தினமும் அவர் நெஞ்சின் மேல் ஒரு காலைப் போட்டுத்தான் தூங்குவாள். போன வருஷம் பம்பாய்க்கு ஐந்து நாள் போனபோது, அந்தப் பாரம் இல்லாமல் தூக்கம் வராமல், ரயில்வே கால அட்டவணையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தவர் அவர். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கால அட்டவணை வேண்டியிருக்கும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தைரியம் வரவில்லை.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜெயினுலாபுதீனின் தையல் கடை. டவுன்ஷிப்பில் பாதிப்பேர் அவர் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜானகிராமன் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மழ வந்தா கோணிப்பைய ஒரு மூல உள்ள தள்ளி தலமேல கவுத்துக்குவானுங்களே, அதான சார்?"

"அது கோணி பாய். இது போன்ச்சோ."

"சர்தான். கொழந்தய ஒரு தபா இட்டாங்க. பாத்துட்டு வெட்டிர்றேன்."

"குழந்தை எதுக்கு?"

"அளவுக்கு சார்."

"பாய், நாங்க அணுவைக் கூட்டிக்கிட்டு வந்து முன்னால நிக்க வச்சிட்டா அணு உலை கட்டறோம்? டிராயிங் தரேன். அதுல இருக்கறதைத் தைங்க. உங்க யோசனை ஒண்ணும் வேணாம்."

"வேணாம்னா வேணாம் சார்" என்றார் ஜெயினுலாபுதீன். யோசிக்க வேண்டாம் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் இவர்தான்.

ஜானகிராமன் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். குழந்தை ஓர் உருளை, தலை ஒரு கோளம், நாற்காலி புள்ளிக்கோடு. முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றம். தாள் சிறியதாக இருந்ததால் எல்லாவற்றையும் பாதி அளவில் போட்டார். அதை வலது கீழ் மூலையில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் குறித்தும் வைத்தார். செங்கல்பட்டு போய் சிவப்புக் கம்பளி ஒன்று வாங்கிவந்து, வரைபடத்தோடு கடையில் கொடுத்தார்.

ஜெயினுலாபுதீன் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர். வரைபடத்தைக் கம்பளியின் மூலையில் வைத்து, சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, கோடு பிசகாமல் வெட்டித் தைத்தார்.

போன்ச்சோவின் ஓட்டையில் அம்சாவின் தலை நுழையவில்லை. சமையலறையில் இருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் தைத்து எடுத்தமாதிரி இருந்தது. குல்லா மூடிமேல் அழகாக உட்கார்ந்தது.

"ஜாடிக்குக் குளிருதாப்பா?" என்று கேட்டாள் அம்சா.

சாரதாம்பாள் ஜாடியைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து அம்சாவின் கவுன்களை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

ஜானகிராமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"மூலையில எழுதியிருக்கே, பாக்கலயா?"

"எறும்பு செத்துக் கீதுன்னு தொடச்சி வுட்டேன் சார்."

"எல்லாம் ரெண்டு மடங்கு பண்ணணும் பாய். ரெண்டு மடங்கு. மிச்சக் கம்பளி இருக்கில்ல?"

"எம்மாம் வேணா கீது."

படத்தை நம்பிக் கெட்ட ஜெயினுலாபுதீன் இந்தத் தடவை எண்களை நம்பினார். படம்தான் பாதி, பக்கத்தில் எழுதியிருந்த எண்கள் முழு அளவு. அவர் அறுபதை நூற்றிருபது ஆக்கினார். குல்லாவையும் இரண்டால் பெருக்கினார். அதற்குமேல், எந்தக் குழந்தைத் துணிக்கும் விடுவதுபோல், வளர்ற புள்ள என்று சுற்றிலும் நாலு விரற்கடை விட்டார். கம்பளி தீர்ந்துபோனது.

இரண்டாவது போன்ச்சோவை விரித்துப் பிடிக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. அம்சா ஒரு பக்கம் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தாள். மறுபடியும் நுழைந்தாள். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

"இதை யார் போட்டுக்கறது?" என்றார் ஜானகிராமன் கடையில்.

"நீங்களே போட்டுக்குங்க சார். குளுரு ஊருன்றாங்க."

"எனக்கா? பாய், நான் சயின்ஸ் படிச்சவன்."

ஜெயினுலாபுதீனுக்கு அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. "அப்போ கொழந்தய இட்டாங்க" என்றார். "இட்டாந்தாத்தான் இனிமே கத்திரிய தொடுவேன்."

வீட்டில் சாரதாம்பாள் தன் புடவைகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். இப்போது அதில் ஜானகிராமனின் நாலு சட்டைகளும் ஒரு ஸ்கேலும் மட்டும் கிடந்தன. கிளம்ப ஐந்து நாள்.

மறுபடி திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ். கடைக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"மே மாசத்துல ரெண்டாவது கம்பளியா? யாருக்கு சார் ஜொரம்?"

"யாருக்கும் இல்ல."

"ஒளிக்காதீங்க சார். பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான் கீது, ஒரு எட்டு இட்டுனு பூடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கம்பளியைப் பார்த்தார், ஜானகிராமனைப் பார்த்தார், எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் அம்சாவைக் கடைக்கு அழைத்துப்போனார். ஜெயினுலாபுதீன் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கடலை மிட்டாய் கொடுத்து, அவள் அதைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெட்டினார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. கழுத்து சரி, குல்லா சரி, உட்கார்ந்தால் முட்டி மூடியது. ஜானகிராமன் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "என் டிராயிங்ல இருக்கற அளவேதான்" என்றார். அதுவும் உண்மைதான்.

சாரதாம்பாள் போன்ச்சோவைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா குளிராதுன்னு எப்படித் தெரியும்? கல்பாக்கத்துல மே மாசம் கோமணம் கட்டிக்கினு இருந்தாக்கூடத்தான் குளிராது."

ஜானகிராமன் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"புதுப்பட்டினத்துல மீனுக்கு ஐஸ் போடற ஃபேக்டரி இருக்கில்ல?"

"குழந்தைய ஐஸ்லயா?"

"அரை மணி நேரம். கன்னம் சில்லுன்னு ஆயிட்டா நீ சொல்றபடி. கதகதன்னு இருந்தா பெட்டியைக் கட்டணும்."

சாரதாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நீங்களும் கூடவே உள்ள உக்காரணும். போன்ச்சோ கீஞ்சோ ஒண்ணும் இல்லாம, வெறும் சட்டையோட. அதான் குளிருன்னே ஒண்ணு கிடையாதே."

"தாராளமா" என்றார் ஜானகிராமன்.

மறுநாள் காலையில் சாரதாம்பாள் புதுப்பட்டினம் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். பதினொரு மணிக்கு மூவரும் ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார்கள். கனடா நாற்காலிக்குப் பதிலாக, சைக்கிள் பாரில் அம்சாவுக்காக மாட்டியிருந்த பிரம்பு சீட்டைக் கழற்றி, பெரிய போன்ச்சோவில் சுற்றி எடுத்து வந்திருந்தார் ஜானகிராமன். வாருக்கு அவருடைய பெல்ட்டுகள். அவரிடம் இருந்தது மொத்தம் இரண்டு. இரண்டும் தேவைப்பட்டதால், அன்று முழுவதும் இடது கையால் பேண்ட்டைப் பிடித்தபடியே நடமாடினார்.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டவன் முனிசாமி. ஒரு கனத்த மரக்கதவைத் தள்ளித் திறந்தான்.

"உள்ள போங்க சார். பயப்படாதீங்க, நான் இங்கியே நின்னுகினு கீறேன்."

"ஐஸ் எங்கப்பா?"

"அந்தாண்ட உமிக்குள்ள கீது சார்."

நாலு பக்கமும் ஜன்னல் இல்லாத அறை. மங்கலான ஒரு பல்பு. உமிக் குவியல்மேல் நனைந்த கோணிகள். மிஷின் சத்தமே கேட்கவில்லை. நல்ல மிஷின் சத்தம் போடாது என்பது ஜானகிராமனுக்குத் தெரியும். அம்சாவை சீட்டில் உட்காரவைத்து, தோளுக்குக் கறுப்பு பெல்ட், இடுப்புக்குப் பழுப்பு பெல்ட் கட்டி, மேலே போன்ச்சோவைக் கவிழ்த்துக் குல்லாவை இழுத்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

அம்சா ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

ஜானகிராமனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே இருந்த வெயிலுக்கு இதமாகக்கூட இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் 'அசௌகரியம் இல்லை' என்று எழுதினார். அப்புறம் தலையைத் தூக்கினார். சுவரில் வட்டமாக ஒரு தர்மாமீட்டர் மாட்டியிருந்தது. முள் சைபருக்குக் கீழே நாலில் நின்றது.

அதைப் பார்க்கும்வரை அவர் நன்றாகத்தான் இருந்தார்.

மைனஸ் நாலு. எண் பொய் சொல்லாது. தண்ணீர் கல்லாகும் இடத்தையும் தாண்டி நாலு டிகிரி. கல்லூரியில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மனித உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதும் வந்தது. முதுகில் ஒரு கோடு சில்லென்று இறங்கியது. கையில் மயிர் குத்திட்டது. வாயால் ஊதிப் பார்த்தார், புகை வரவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று எழுத நினைத்தார், பென்சில் ஆடியது.

பத்தாவது நிமிஷத்தில் பல் கிட்டியது. கதவைத் தட்டலாம். தட்டினால் தோற்றதாகிவிடும், சாரதாம்பாள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், நெஞ்சின் மேல் கால அட்டவணை வந்துவிடும். ஜானகிராமன் கதவைப் பார்த்தார். பெரிய போன்ச்சோவைப் பார்த்தார். அது உமி ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

நோட்டில் 'ஒப்பீட்டுச் சோதனை' என்று தலைப்புப் போட்டார். பிறகு பேண்ட்டைப் பிடித்திருந்த கையால் போன்ச்சோவை இழுத்து, சத்தம் போடாமல் தலையை உள்ளே விட்டு, குல்லாவைக் காதுவரை இறக்கிக்கொண்டார். பாய் விட்ட நாலு விரற்கடை கால்விரலையும் மூடியது. அப்படி ஒரு சுகம்.

அரை மணி கழித்துக் கதவு திறந்தபோது அம்சாவின் மூக்கு நுனியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

"பாத்தியா" என்றார் ஜானகிராமன், சிவப்புக் குல்லாவுக்குள்ளிருந்து. அவர் முகமும் வேர்வையில் குளித்திருந்தது. "மைனஸ் நாலுல வேர்க்குது. இப்ப சொல்லு."

சாரதாம்பாள் அம்சாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரைக் குல்லாவிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சரி. நாங்களும் வரோம்."

"என் டிசைனை நம்பித்தானே?"

"அதை யாரு நம்பினா? குளிரும்னு தெரிஞ்ச மனுசன் கூட இருந்தா, கொழந்தைக்குப் போத்திவிடணும்னு தோணும். அது போதும் எனக்கு."

அம்சாவைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் முந்தானையால் மூடி, அவள் முன்னால் நடந்தாள். வீட்டில் பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

ஜானகிராமன் சைக்கிள் பாரில் சீட்டை மாட்டினார். போன்ச்சோவைக் கழற்ற அவருக்கு இன்னும் மனசு வரவில்லை; எலும்புக்குள் இறங்கிய குளிர் அவ்வளவு சீக்கிரம் விடாது. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று முனிசாமி பக்கம் திரும்பினார்.

"பிரமாதமான மிஷின்ப்பா. முள்ளு மைனஸ் நாலை விட்டு அசையல."

முனிசாமி குல்லாவையே பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அந்த ரூமு மிஷினு நின்னு ரெண்டு வருசமாவுது சார், முள்ளும் அன்னியோட நின்னுது, கொழந்தய நெச ஐஸ் ரூம்ல வுட்றாதப்பான்னு அம்மாதான் காலைல மீனு வாங்கச்சொல்லோ சொல்ட்டுப் போனாங்க."