பின்னால் பறந்த கல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நிச்சயம் முடிந்த கல்யாணத்தை "கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்று நீங்கள் சொல்லியனுப்பியது எதனால் என்று தெரியும். கயிற்றைத் தச்சர் தவறாக வெட்டிவிட்டார் என்று பத்திரிகையில் வந்த நாலு வரிதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷமாக நான் தச்சன். அந்தக் காலத்துக் கோட்டை முற்றுகைப் பொறி ஒன்றை நாலு ஆள் உயரத்தில் செய்யச் சொன்னார் இயக்குநர். நீண்ட உத்தரத்தின் ஒரு முனையில் பாரப்பெட்டி, மறுமுனையில் கயிற்றுக் கவண், அதில் கல். பெட்டி இறங்கினால் உத்தரம் எழும்பும், கவண் சுழன்று கல்லை விடும். அம்பு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு மதிலின் ஒரே இடத்தை நாள்கணக்கில் அடித்து உடைப்பார்கள். கயிற்றின் நீளம்தான் அதற்கு உயிர். குறைந்தால் கல் முன்கூட்டியே கழன்று பொறியின் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

பொறியின் திறப்பு விழாவன்று காலையில் இயக்குநர் வந்தார். "கயிறு என்னய்யா தரையில இழுபடுது, கம்பளம் அழுக்காகும். பாதியா வெட்டு."

"ஐயா, வெட்டினா கல்லு பின்னாடி போயிடும்."

"நீ தச்சனா, விஞ்ஞானியா?" என்று கேட்டுவிட்டு, ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்திரிக்கோலால் அவரே வெட்டினார். வடம் மாதிரி கயிறு, கால் மணி நேரம் ஆச்சு, நானும் பாத்துக்கிட்டேதான் நின்னேன், மேலதிகாரி கையைப் பிடிக்கவா முடியும், எதிரே அட்டையில் செய்த மதிலைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள், தட்டு என்றார், உத்தரத்தைப் பிடித்திருந்த கொக்கியைத் தட்டினேன், கல் மதில் பக்கமே திரும்பவில்லை, பின்னால் போய் இயக்குநர் அறைக் கூரையைப் பொத்துக்கொண்டு அவர் மேசையில் உட்கார்ந்தது. நாற்காலியில் அவர் இல்லாதது அவர் செய்த புண்ணியமோ, நான் செய்த பாவமோ.

விசாரணையும் அதே அறையில்தான். "கயிறை வெட்டினது யாரு?" என்றார்கள். இயக்குநர் என்னைக் காட்டினார், நான் அவரைக் காட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்த காவலாளியைக் கேட்டால், அவர் கூரை ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். எனக்கு சஸ்பெண்ட். அப்பல்லாம் செத்த மாட்டைக் கவணில் வச்சுக் கோட்டைக்குள்ள எறிவாங்களாம், உள்ள இருக்கிறவன் நோய் வந்து சாகட்டும்னு. இப்ப அதுக்குப் பத்திரிகை இருக்கு. உங்க வீட்டு வாசல்ல குறி தப்பாம விழுந்திருக்கு.

கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள். பிள்ளைகள் கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். நான் மண்டபத்துப் பக்கமே வராமல் இருந்துவிடுகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவை என் மனைவி விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சம்பந்தியாகவே இருந்துவிட விரும்பும்
தச்சன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் வாங்கிப் படித்தாள். "எதுக்குப்பா கெஞ்சுறீங்க? நேத்து அவரு ஃபோன் பண்ணி, 'உங்கப்பா நிஜமாவே வெட்டலையா'ன்னு மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவை, கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டேன்" என்கிறாள். ஆகவே காலில் விழுவதாக எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஆசியையும் சேர்த்து அடித்துவிடவும். புதிதாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.