டேப்பால் கேட்டவர்

"…அதனால இனி நீங்க காதுல கேளுங்க கண்ணு, நான் டேப்புல கேட்டுக்கறேன்" என்றார் இஞ்சு டேப் அண்ணன்.

அவர் அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதற்கு முன் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மனுஷன் நெஞ்சை அளக்கச் செய்த டேப்பைக் கொண்டு தாளத்தை அளந்தவர், தாராபுரம் ரோட்டில் மட்டுமல்ல, உலகத்திலேயே அவர் ஒருவர்தான். மறுக்க வருகிறவர்கள் டேப்போடு வரட்டும்.

அவிநாசிபாளையம் தாண்டி ஒரு நிட்டிங் கம்பெனி. கீழே மெஷின்கள், மாடியில் முதலாளி தன் பக்திப் பாட்டு ஆசைக்குக் கட்டிய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. எதிரொலியை விழுங்க சுவரெல்லாம் ரிஜெக்ட் ஆன பனியன் மூட்டைகள். கப்பல் ஏறக் கொடுத்துவைக்காத பனியன்கள் அத்தனையும் எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடந்தன. மெஷின் ஓடினால் மாடித் தரை அதிரும் என்பதால் டிரம்ஸ் பதிவு ஞாயிறு பகலில் மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு நான், மைக் வைக்க அண்ணன். அதற்கு முன் இருபது வருஷம் கீழே அந்த மெஷின்களுக்கு நடுவே நின்று துணி செக்கிங் பார்த்தவர். மாடிக்கு வந்தபோது கழுத்தில் கிடந்த டேப்பும் கூடவே படியேறி வந்துவிட்டது.

டிரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டுக்கு சிம்பல் என்ற பேர் அவர் வாயில் வராது. தாம்பாளம். "தாம்பாளமும் சொந்தக்காரங்களும் ஒண்ணுங்க. ரொம்பப் பக்கத்துல போனாக் கத்தும், தள்ளிப் போனா மறந்துரும்" என்பார். மேலே தொங்கும் இரண்டு மைக்கும் நடுவிலுள்ள சின்ன டிரம்மிலிருந்து ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அரை இஞ்சு பிசகினாலும், ஒத்தக் கை நீண்ட பனியன் மாதிரி பாட்டு கோணிக்கொள்ளுமாம். காலால் மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டுக்கு வேறு வைத்தியம். மைக் நுனியில் ஒரு பனியன் நூலைக் கட்டித் தொங்கவிடுவார். தட்டு மூடும்போது தள்ளும் காற்றில் நூல் ஆடினால் அந்த இடம் ஆகாது. ஆடாத இடம் அகப்படுகிறவரை ஸ்டாண்டோடு சுற்றி வருவார்.

டிரம்ஸ் வாசிக்க வருபவர் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் தைக்க வந்தவர். ஞாயிறு காலை சர்ச்சில் வாசித்துவிட்டு மதியம் எங்களிடம் வருவார். ஒருநாள் பிரியாணி தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தவரை, ஒரு இஞ்சு முன்னால் வந்திருக்கிறீர்கள் என்று அண்ணன் மறுபடி அளக்க ஆரம்பித்தார். "அண்ணாச்சி, எனக்குப் பேன்ட் தைக்கப் போறியளா, பாட்டு எடுக்கப் போறியளா?" என்றார் செல்வின். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு குழு, காலையில் தொடங்கிய அளவு இரண்டு மணிக்கும் முடியாததால் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று போனது. இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இனி அந்த ஞாயிறு. முதலாளியின் சொந்தப் பாட்டு. அவரே என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். செல்வின் வாசிக்க, அண்ணன் ஹெட்போனோடு கண்ணை மூடித் தலையாட்டினார். "அருமைங்க. வலது தாம்பாளம் இப்பத்தான் வாயத் தொறக்குது."

சத்தம் வந்தால் நெளியும் கோடுகளில் ஒன்றின் மேல் முதலாளி திரையில் விரல் வைத்தார். "அந்தக் கோடு ஏனுங்க நேரா இருக்குது?"

வலது மைக்கின் வயர் கழன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. டேப்பையும் நூலையும் இத்தனை நாள் நாங்கள் கிறுக்கு என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. எல்லாம் காதின் துணையில்லாமல் கண்ணால் பார்த்துக்கொள்ளக் கூடியவை. வயர் கோளாறு என்று இழுத்தேன். முதலாளி கேட்கவில்லை. அண்ணனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். தாம்பாளம் அடிக்கும்போதெல்லாம் கை தூக்க வேண்டும்.

செல்வின் அடித்தார். அண்ணன் கை தூக்கினார். மறுபடி அடித்தார், மறுபடி தூக்கினார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் செல்வின் காலால் பெரிய டிரம்மையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார். தடித்த சத்தம் அண்ணனுக்குக் கேட்கும். செல்வினுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ, கேட்டதில்லை.

"கால எடுங்க தம்பி" என்றார் முதலாளி.

செல்வின் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். காலை எடுத்துவிட்டு ஓங்கி ஒரு அடி அடித்தார். அறை முழுக்கக் கணீரென்று நின்று, மூட்டைகளுக்குள் அடங்கியது. அண்ணனின் கை தொடையோரத்திலேயே இருந்தது. பேர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை போல, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பினார். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தார்.

"அடிச்சாச்சுங்களா?" என்றார். "கணீர்னு வர்ற மேல் சத்தமெல்லாம் இருபது வருஷத்துல கீழ வெச்சுட்டு வந்துட்டனுங்க. உங்க மெஷினுகிட்டத்தான் இருக்குது."

முதலாளி கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்புவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். "நாளையிலிருந்து ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்கண்ணா. இன்னிக்குப் பாட்டு மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

அண்ணன் வயரை மாட்டினார். அளந்தார். நூல் கட்டிப் பார்த்தார். அவசரமே இல்லை. அப்புறம் என்னிடம் வந்து, மைக்கு வைத்தது சரிதான், கேட்டதாகச் சொன்னது மட்டும்தான் பொய் என்றார். அதற்கு மேல்தான் முதலில் எழுதினேனே, அந்தப் பேச்சு.

பேசி முடித்து, தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, என் உச்சந்தலையிலிருந்து இடது காதுக்கு ஒரு முறையும் வலது காதுக்கு ஒரு முறையும் அளந்து, வலது பக்கத்தைக் கால் இஞ்சு ஏற்றிவிட்டார்.