நிச்சயதார்த்தத்தில் ஒரு பொது மூதாதை

மற்றவர்களின் பூட்டன்மாரைத் தேடிப்பிடித்துப் பிறந்த ஆண்டு குறிக்கும் பழக்கமுள்ளவனிடம் எந்த விழாவிலும் மைக்கைக் கொடுக்கக் கூடாது. நானே அந்தப் பழக்கமுள்ளவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வம்சாவளியைத் துருவுவது என் பொழுதுபோக்கு. லண்டனில், ஸ்ட்ரெதமில் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரண்டு குடும்பங்களுக்கு ஒரே பூட்டன் என்று நான் கண்டுபிடித்து அறிவித்ததிலிருந்து, மூதாதை பற்றி நான் எது சொன்னாலும் சனம் நம்பிவிடும். (அந்த இரு குடும்பங்களும் இப்போது ஒற்றுமையாக என்னோடு பேசுவதில்லை.)

அக்காவின் மகள் அனிதாவுக்கும் நிரோஷனுக்கும் நோர்பரி பங்குக் கோயில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். (திகதி என்னிடம் இருக்கிறது. வெளியிடக் கூடாதென்று அக்கா உத்தரவு.) நிரோஷனின் தாய் பிலோமினா, ஜெர்மனியிலிருந்து ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவர். "பிள்ளை அப்பிடி என்னதான் ஆராய்ச்சி செய்யிறா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால், மோதிரம் மாற்றுவதற்கு முன் அதை விளக்கும் பொறுப்பை நானே வலிய ஏற்றேன்.

விழாவுக்கு முதல் நாள் அனிதா எனக்குப் பாடம் எடுத்தாள். உடலில் புரதம் கட்டப்படும்போது அதற்கான அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது ரி.ஆர்.என்.ஏ என்னும் சிறு மூலக்கூறு. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களின் வடிவத்தைத்தான் அவள் ஆராய்கிறாள்.

"ஒரு புரதத்தில அமினோ அமிலங்கள் கோத்திருக்கிற வரிசை காலப்போக்கில மாறிடும், மாமா. அது மடிஞ்சிருக்கிற மடிப்பு லேசில மாறாது. மடிப்பும் ஒண்டு, பிடியும் ஒண்டெண்டால் ரெண்டு புரதத்துக்கும் மூதாதை ஒண்டாயிருக்கலாம்."

"எந்த ஆண்டு?"

"கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி."

"சரி, மாதம் வேண்டாம்."

விளங்கிவிட்டதென்று நினைத்துத் தூங்கினேன். மறுநாள் மைக்கைப் பிடித்ததும், எது எதைப் பிடிக்கிறது என்பதே குழம்பிவிட்டது. உதாரணம் தேடினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் சூடான தேநீர்க் கோப்பைகளை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்திருந்தார்கள்.

"இவையளைப் பாருங்கோ! பேர் வேற, ஊர் வேற, முகம் வேற. ஆனால் பிடி ஒண்டு. இதிலயிருந்து என்ன தெரியுது? ரெண்டு பேருக்கும் மூதாதை ஒண்டு!"

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். பிலோமினா எழுந்தார். ஒரு கையில் தேநீர், மறுகையில் மோதிரப் பெட்டி. பெட்டி டப்பென்று மூடியது.

"அண்ணை, இவையள் சகோதரமோ? இதை இப்பவோ சொல்லுறது?"

"சுவாமி, அப்ப கோயில்ல கட்ட ஏலாதோ?" என்று முன்வரிசையில் இருந்த பங்குக் குருவானவரைக் கேட்டது பின்வரிசை.

அக்கா பல்லைக் கடித்தார். "தம்பி, இல்லையெண்டு சொல்லு!"

"இல்லை... ஆனால் ஆதியில, ஓம்," என்றேன். (வரலாற்று நேர்மைக்கு அதுவா நேரம்?)

அனிதா மைக்கைப் பறித்தாள். "மாமி, மாமா பாதிப் பாடத்தோட வந்திட்டார். பிடி மட்டும் ஒண்டெண்டால் சொந்தமில்லை. தேவை ஒண்டெண்டால், சம்பந்தமே இல்லாததுகளும் ஒரே பிடிக்கு வந்து சேரும். உங்கட கையைப் பாருங்கோ."

பிலோமினா குனிந்து பார்த்தார். விளிம்பில் இரண்டு விரல். பக்கத்தில் சுவாமியின் கையும் அப்படியே.

"சுடுகுதெல்லோ, பிள்ளை."

"அதுதான் காரணம், மாமி. சொந்தமில்லை."

மண்டபமே சிரித்தது. பிலோமினா சிரிக்கவில்லை. "எதுக்கும் ரெண்டு பக்கத்தையும் ஒருக்கா விசாரியுங்கோ, சுவாமி. இந்த அண்ணையிட்ட மட்டும் கேக்காதேங்கோ," என்று சொன்ன பிறகே பெட்டியைத் திறந்தார்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. இன்றும் அவர்கள் வீட்டுக்குப் போனால், சண்டை பிடித்திருக்கிறார்களா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

"அண்ணை, சாப்பாடு மேசையில இருக்கு," என்பாள் அனிதா கணவனிடம்.

"நன்றி, தங்கச்சி," என்பான் நிரோஷன்.

புதிதாக வந்த விருந்தாளிகள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டுவிடுவார்.