அண்ணாந்து குடித்த மாப்பிள்ளை

பொய் சொல்வது சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் சொந்த வாயால் சொல்லிவிடுங்கள், மாமாவை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். அவ்வளவுதான் என் கட்சி. நாம் சொன்னால் ஒரு முழத்தோடு நிற்கும். மாமா சொன்னால் அது மேளதாளத்தோடு ஊர்வலம் போகும். இன்றைக்கும் என் கீழ் உதட்டுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி முளைக்காத இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தின் கதைதான் இது.

2009இல் எனக்கு இருபத்தொன்பது வயது. கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீசில் வேலை. சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று போகிற ஜனங்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பேன். "இறங்கினதும் சோத்தாங்கை பக்கம் திரும்புங்க, பெட்டி அங்கதான் வரும்" என்று நான் சொல்லும் தோரணையைப் பார்த்தால் காலையில்தான் அங்கிருந்து வந்து இறங்கியவன் என்று நினைப்பீர்கள். ஆனால் என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. விமானத்தை நான் பார்த்ததெல்லாம் மொட்டை மாடியில் நின்று கழுத்து வலிக்க வலிக்கத்தான்.

கல்யாணம் மட்டும் அமையவில்லை. ஐந்து பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "டிக்கெட் போடுற வேலைன்னா, எந்த ரூட்டு பஸ்ஸு?" என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அதற்குப் பிறகுதான் சேகர் மாமா களத்தில் இறங்கினார். அம்மாவின் தம்பி, மேல்பட்டாம்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். என் ஜாதகத்தின் பின்பக்கத்தில் 'வெளிநாட்டுத் தொடர்புள்ள உத்தியோகம்' என்று அவரே எழுதினார். (பொய் இல்லையே! தொடர்பு இருந்தது. போன் தொடர்பு.) ஆறாவதாகச் சிதம்பரத்தில் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் வெண்ணிலா, தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவள் அப்பா நெல் வியாபாரி. அவர் போனில் பேசும்போது, பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். அர்ஜென்டினாவிலிருந்து பரதநாட்டியம் கற்க வந்த ஓர் அம்மாள் சிதம்பரத்திலேயே தங்கி, சின்னதாக ஒரு ஓட்டல் வைத்திருக்கிறார்களாம். தன் மகள்தான் அவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாளாம்.

மாமா சும்மா இருப்பாரா?

"அட, அர்ஜென்டினாவா! நம்ம பையன் அங்கல்லாம் போயி வந்தவன்தாங்க. அந்த ஊரு சாப்பாடுன்னா அவனுக்கு உசுரு!"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தடுத்திருக்கலாம். ஆனால் என் கையில் பெண்ணின் போட்டோ இருந்தது. இந்தப் பெண் கிடைத்தால் அர்ஜென்டினா என்ன, நிலாவுக்கே போய் வந்தேன் என்று சொல்லத் தயார் என்கிற அளவுக்கு நான் அந்தப் போட்டோவில் விழுந்து கிடந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது. ஏற்கெனவே நாலு பேர் வந்து பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டுப் போனதில் பெண்ணுக்கு வெறுத்துவிட்டதாம். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது கிடையாது. மாப்பிள்ளைக்குத்தான் அந்த ஊர்ச் சாப்பாடு உயிர் ஆயிற்றே, ஞாயிற்றுக்கிழமை அந்த அர்ஜென்டினா அம்மாள் கடைக்கே வந்துவிடட்டும் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ்ஸில் கிளம்பினோம். நான், அம்மா, மாமா. நான் புது வெள்ளைச் சட்டை. அம்மாவின் கைப்பையில் வழக்கம்போல ஓர் எவர்சில்வர் டம்ளர். அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உலகத்தில் அவளுக்குப் பயம் இரண்டே இரண்டு: ஒன்று சுனாமி, இன்னொன்று எச்சில். வெளியிடத்து டம்ளரைத் தொடமாட்டாள். எங்கள் வீட்டில் எதையும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு டம்ளரில் பட்டால் முதுகில் ஒன்று விழும். இருபத்தொன்பது வயதிலும் விழும்.

"எது வந்தாலும் தெரிஞ்ச மாதிரியே தலையாட்டு மாப்ள. முழிக்காத" என்று புதுச்சத்திரம் தாண்டும்போது மாமா பாடம் எடுத்தார்.

"ரெண்டு பேரும் என்ன வேணா பேசிக்குங்க. என்னைச் சாட்சிக்கு மட்டும் கூப்புடாதீங்க" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடை கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் நாலே மேசை. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். வெண்ணிலா ஏற்கெனவே அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நேரில் பார்த்ததும் எனக்கு வணக்கம் சொல்லக்கூட வாய் வரவில்லை. மாமாதான் என் கையைப் பிடித்துக் குவித்துவிட்டார்.

கடைக்கார அம்மாள் பெயர் மார்த்தா. ஐம்பது வயதிருக்கும். நூல் புடவை, நெற்றியில் பொட்டு. "வாருங்கள், வாருங்கள், அமருங்கள்" என்றார். வெண்ணிலா சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத் தமிழ். மாமா பதறிப்போய், "தேங்க்யூ மேடம், வெரி ஹாட் டுடே மேடம்" என்றார். "ஆம், வெயில் மிகுதியாக உள்ளது" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பிறகு மாமா அவரிடம் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

அடுத்து அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"தாங்கள் எங்கள் நாட்டிற்கு வந்திருக்கிறீர்களாமே! எந்த நகரம்?"

"தலைநகரம்தான்" என்றேன். பெயர் நினைவுக்கு வரவில்லை.

"தலைநகரில் எப்பகுதி?"

"ஏர்போர்ட் பக்கம்தாங்க ஜாஸ்தி."

வெண்ணிலா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அது துடைப்பு இல்லை, சிரிப்பை அடக்குகிறாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வெட்கம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

முதலில் ஒரு தட்டில் பலகாரம் வந்தது. எம்பனாடா என்று பெயராம். பார்த்தால் அச்சு அசல் சோமாசி. ஓரம் மடித்த அழகுகூட அதேதான். தேங்காயும் சர்க்கரையும் உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கையில் மாமா முழுசாக ஒன்றை வாய்க்குள் தள்ளினார். உள்ளே கோழி. அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் அசரவில்லை.

"அங்கல்லாம் காலையில இதான் டிபன்" என்றேன்.

"அங்கன்னா எங்க தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா. மனிதர் பேசுவதே கொஞ்சம். பேசினால் நெல் மூட்டையில் ஊசி போட்டுப் பார்க்கிற மாதிரிதான் பேசுவார்.

"அங்கதாங்க... பொதுவா."

அம்மா தன் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சுரைக்குடுக்கை. அதில் முக்கால்வாசிக்குப் பச்சைத் தழைத்தூள். நடுவில் செருகி வைத்த ஒரு வெள்ளிக் குழல். மார்த்தா பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றினார். அந்த ஊர் டீயாம், மாத்தே என்று பெயராம். முதலில் அவரே குழலில் வாய் வைத்து, 'கொர்ர்ர்' என்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார். சரி, அது அவர் பங்கு, நமக்கெல்லாம் தனித்தனியாக வரும் என்று நினைத்தேன். அவரோ அதே குடுக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி, அதே குழலோடு என்னிடம் நீட்டினார்.

"அனைவரும் ஒரே குழலில் அருந்துவதுதானே எங்கள் வழக்கம். தாங்கள் அறியாததா?"

பெண்ணின் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். என் வலது தொடையை அம்மா கிள்ளினாள்.

"டேய், அந்தம்மா வாய் வச்சதுடா!"

இடது தொடையை மாமா கிள்ளினார்.

"உறிஞ்சு மாப்ள! இல்லன்னா குட்டு ஒடஞ்சிரும்!"

குடித்தால் அம்மா போச்சு. குடிக்காவிட்டால் வெண்ணிலா போச்சு. எதிரே அவள் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் என் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. எச்சில் எங்கே இருக்கிறது? குழலில்தானே இருக்கிறது! குழலை எடுத்துவிட்டால்?

கடகடவென்று குழலைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். மார்த்தா "ஐயோ" என்றார். நான் காதில் வாங்கவில்லை. குடுக்கையை ஒரு சாண் உயரத்தில் தூக்கி, வாயைத் திறந்து, அம்மா சொல்லிக்கொடுத்த முறைப்படி அண்ணாந்தேன்.

ஒன்றும் வரவில்லை. தழை மொத்தமும் ஊறி குடுக்கையின் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. (அத்தோடு விட்டிருந்தால் நான் மனிதன்.) பிடிவாதமாகக் குடுக்கையின் அடியில் இரண்டு தட்டு தட்டினேன்.

வந்தது. மொத்தமாக வந்தது. சுடுதண்ணீரும் ஒரு கைப்பிடித் தழையும் சேர்ந்து கொஞ்சம் வாய்க்குள், கொஞ்சம் மூக்குக்குள், மிச்சமெல்லாம் முகவாயிலும் வெள்ளைச் சட்டையிலும். "ஆத்தாடீ!" என்று நான் போட்ட கூச்சலில் கீழே பாத்திரக் கடையில் எதையோ போட்டு உடைத்தார்கள். எனக்குப் புரையேறிவிட்டது என்று நினைத்து மாமா முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். பெண்ணின் அம்மா சமையலறைக்கு ஓடி, கிண்ணத்துத் தயிரை அப்படியே கொண்டுவந்து என் முகத்தில் அப்பினார். மார்த்தா, "அதைப் பிடுங்கலாகாதே! ஏன் பிடுங்கினீர்கள்?" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லாம் அடங்கியது. மேலெல்லாம் தயிரும் தழையுமாக உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. நீங்க எந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க?"

மாமா வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் நான் திறந்துவிட்டேன்.

"பாண்டிச்சேரிங்க."

கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு டவுன் பஸ்ஸே போகும். அந்த மனிதர் மெதுவாக எழுந்தார். படிப் பக்கம் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ஆறாவதும் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின ஐந்து போனபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. சுட்ட இடத்தைவிட அதிகமாக வலித்தது. நல்ல வேளை, கண்ணில் வந்ததைத் தயிர் மறைத்துவிட்டது.

"அப்பா, உக்காருங்க" என்றாள் வெண்ணிலா.

அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். மார்த்தாவிடம் திரும்பி, "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றாள். மார்த்தா புதுத் தழை போட்டு, குழலைச் செருகி, தண்ணீர் ஊற்றினார். வெண்ணிலா அதை வாங்கி என் முன்னால் வைத்தாள்.

"ஊதிட்டுக் குடிங்க. சத்தம் வர்ற வரைக்கும் இழுக்கணும்."

அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழலில் உதட்டை வைத்தேன். முதுகில் விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. வேப்பிலைக் கஷாயம் தோற்றுவிடும், அவ்வளவு கசப்பு. 'கொர்ர்ர்' என்று முடித்தேன். மார்த்தா வாங்கி மறுபடி தண்ணீர் ஊற்றினார். அதை வெண்ணிலா கையை நீட்டி வாங்கினாள். குழலைத் துடைக்கவில்லை. அப்படியே வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"அடிப் பாவி! எச்சிடி!" என்று அலறினார் அவள் அம்மா.

நம் பக்கத்தில் ஓர் ஆண் வாய் வைத்ததில் ஒரு பெண் எல்லோர் எதிரிலும் வாய் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிட உட்காருகிற பெண்டாட்டிக்கு மட்டும்தான் அந்த உரிமை. ஒரு கையில் செருப்போடு அவள் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்துப் பேசியது என் அம்மா. டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எச்சி பட்டுப் போச்சு சம்மந்தி. இதுக்கு மேல பேசறதுக்கு என்ன இருக்கு? நாளைப் பாருங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு வெண்ணிலாவிடம் கேட்டேன். மாமா போனில் விட்ட கதையை அப்பா சொல்லிக் கேட்டபோதே அவளுக்குச் சந்தேகமாம். மாத்தே கொண்டுவரச் சொல்லி மார்த்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததும் அவள்தானாம். "முன்ன வந்த நாலு பேரும் என்னைத்தான் கேள்வி கேட்டாங்க. நாங்க கேட்ட கேள்விக்கு உண்மையா பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதுவும் தயிரோட" என்றாள்.

மார்த்தா கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் பாஸ்போர்ட் எடுத்தேன். அதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்கு எப்போது போனாலும் எல்லோருக்கும் டம்ளரில் காபி வரும். எனக்கு மட்டும் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு வரும். மாமனாரே கொண்டுவந்து வைப்பார். முகத்தில் துளி சிரிப்பு இருக்காது. "மாப்ளைக்கு வெளிநாட்டுப் பழக்கம்" என்பார். உடனே என் மகள், "அப்பா எந்த நாட்டுக்குப் போயிருக்காங்க?" என்று ஆரம்பிப்பாள். "பாண்டிச்சேரி!" என்று வீடே கத்தும். அதில் எங்கள் அம்மாவின் குரல்தான் ஜாஸ்தியாகக் கேட்கும். நான் பாதிக் காபியை உறிஞ்சிவிட்டு, ஸ்ட்ராவோடு டம்ளரை வெண்ணிலா பக்கம் தள்ளுவேன். அவள் 'கொர்ர்ர்' என்று சத்தம் வரும்வரை இழுத்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.