எந்த வீடு மேல் என்று அண்ணன் கேட்டதற்குப் பதில்

ஃபெங்லின்,
திங்கட்கிழமை.

பெரியண்ணன் பெங் யூன்-ஃபா அவர்களுக்கு, தம்பி யூன்-லாய் தலை வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் மகன் வெய்-லுனும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் வலது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். தங்கள் பெய்பூ பக்கம் நாலு நாளாக மழை என்று வானொலியில் சொன்னார்கள். தேயிலைச் சரிவில் வழுக்கும், பார்த்து நடக்கவும்.

தாங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் நம் சனத்துக்கு 'ஹாக்கா வீடு', வலப்பக்கம் அவர்கள் சனத்துக்கு 'ஆமிஸ் வீடு' என்று தூரிகையால் அழகாக எழுதி, கீழே நிலம், வீடு, படிப்பு, தொழில், மரியாதை என்று தலைப்புகளும் போட்டு, "இரண்டு சனத்தின் நிலைமையையும் நேரில் பார்த்து நிரப்பி அனுப்பு, மற்றதை நான் முடிவு செய்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். வெய்-லுன் அந்த ஆமிஸ் பழங்குடிப் பெண் ஓசாயைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதா, போனால் நம் குலப்புத்தகத்தில் அவன் பெயர் இருப்பதா, அடிப்பதா என்பதெல்லாம் இந்தத் தாளைப் பொறுத்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வலப்பக்கம் நன்றாகத் தாழ வேண்டும் என்ற ஆசையோடுதான் கிளம்பினேன், தங்களிடம் ஒளிப்பானேன். நாற்பது வருஷம் அரிசி ஆலையில் எடை போட்டவன் நான். ஆனால் இந்த ஒரு நிறுவையில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, வெறுங்கையோடு போகக்கூடாது என்று, உப்பிட்டுக் காயவைத்துப் புட்டியில் அடைத்த கடுகுக்கீரை, எட்டு வருஷத்துச் சரக்கு, இரண்டு புட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் பாலம் தாண்டி அவர்கள் ஊருக்குப் போனேன். "மூணாவது வீடு, வாசல்ல பாக்கு மரம் நிக்கும்" என்று வெய்-லுன் சொல்லியிருந்தான். அந்த ஊரில் எல்லா வாசலிலும் பாக்கு மரம் நிற்கிறது. எந்தக் கோடியிலிருந்து மூன்று என்று அவன் சொல்லவில்லை. நான் எண்ணிய மூன்றாவது வீட்டில் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை, கதவில் பூட்டு மாட்டக் கொண்டிகூட இல்லை. 'பூட்டு இல்லை, பூட்டும்படி பொருளும் இல்லை' என்று முதல் வரியை எழுதி, ஆரம்பமே நன்றாக இருக்கிறதே என்று திண்டில் உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் வந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒட்டரிசிச் சோறு ஒரு உருண்டை வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி நத்தை வறுவல் கொண்டுவந்தாள். அப்புறம் ஒரு பெரியவர் மீன் குழம்புச் சட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, சட்டி, பாய், கோழி எல்லாவற்றையும் எழுதி முடித்து, "சம்பந்தம் பேச வந்திருக்கேன், ஓசாயோட அம்மா நாகாவ் எங்க?" என்று கேட்டேன்.

"நாகாவா? அவ வீடு அந்தக் கோடியில இல்ல இருக்கு?" என்றார் பெரியவர்.

"அப்ப இது?"

"இது என் பொண்டாட்டி வீடு. நான் உங்களைக் கரண்ட் அளக்க வந்தவர்னு நெனச்சேன். கையில தாள் வேற வெச்சிருக்கீங்க."

"ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேனே, யாருன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். வாயில சோறு இருக்கற மனுசனைக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?"

இதை மரியாதை என்ற தலைப்பில் எந்தப் பக்கம் எழுதுவது? நம் வீட்டில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? சோற்றுப் பானையைத்தான் முதலில் மூடுவோம்.

எழுதியதை அடித்துவிட்டு, தொங்கிய வயிற்றோடு மறுகோடிக்குப் போனேன். ஓசாயின் அம்மா நாகாவ் வாசலில் உட்கார்ந்து பிரம்புக் குருத்து உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஃபுதிங் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வீடு காரை வீடுதான், பாதி பூசியிருக்கிறது, பாதி செங்கல். முறைப்படி நான் ஃபுதிங்கைப் பார்த்து, "வீடு உங்க பேர்லதான?" என்றேன்.

"என்னைக் கேக்காதீங்கண்ணே. நானும் வந்தவன்தான். முப்பது வருஷமா விருந்தாளி" என்றார் அவர்.

"அப்ப யார் வீடு?"

"என் வீடு" என்றாள் நாகாவ், குருத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கப்புறம் ஓசாய் வீடு."

"மகன் ஒருத்தன் இருக்கானாமே?"

"அவன் எங்க கட்டிக்கிறானோ அங்க போவான். ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கண்ணே வீடு?"

இது எப்படி இருக்கிறது, அண்ணா? ஃபுதிங் என் முழங்காலைத் தட்டி, "உங்க பையன் சீக்கிரம் வரட்டும். பொண்டாட்டி வீட்டுல எனக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றார். இதை அவர் சந்தோஷமாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

படிப்பு என்று பார்த்தால், ஓசாய் பள்ளிக்கூட வாத்தியார். நம் வெய்-லுன் எட்டாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை முழுகி, இப்போது டிராக்டர் ரிப்பேர் செய்கிறான். சரி, வலப்பக்கம் ஏறட்டும் என்று எழுதும்போதே, அவள் தம்பி பதினாலு வயதில் படிப்பை விட்டுத் தலைநகர் தாய்ப்பேயில் மாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டப் போனான் என்றும், அக்கா படித்தது அவன் உயரத்தில் நின்ற காசில் என்றும் நாகாவ் சொன்னாள். "அவன் கட்டுன சாரத்துல ஏறி எத்தனையோ வீடு எழும்பிருச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் பாதிப் பூச்சு பாக்கி" என்று சிரித்தாள். நான் எழுதியதை மறுபடி அடித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நிலம். அதில்தான் நாம் அசைக்க முடியாத உயரத்தில் இருக்கிறோம் என்று நம்பி, "நிலம் எவ்வளவு?" என்று குரலைக் கொஞ்சம் கூட்டியே கேட்டேன்.

"வீட்டடி மட்டும்தான்" என்றாள் நாகாவ். நான் மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தேன். "முன்னாடி ஆத்தங்கரையில இருந்துச்சு. இப்ப தர்பூசணி போடறாங்களே, அந்த மண்ணு. மேக்கேருந்து ஒரு ஹாக்காக்காரர் பொண்டாட்டி, ரெண்டு பசங்களோட வந்து மழையில நனஞ்சுக்கிட்டு நின்னாராம். எங்கம்மா பாவம் பாத்து, பயிர் வெச்சுப் பொழச்சுக்கங்கன்னு விட்டிருக்கா. அப்புறம் சர்க்கார் ஆள் அளக்க வந்தப்ப தாள்ல அவர் பேரு ஏறிடுச்சு. எங்கம்மாவுக்குத் தாளு கீளு ஒண்ணும் தெரியாது. அவ சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அந்த மூத்த பையன் இருக்கானே, வேகவெச்ச சக்கரவள்ளி குடுத்தா ரெண்டு கையிலயும் வாங்கிட்டு, தம்பிக்கு ஒரு துண்டு குடுக்காமத் தின்னானாம்."

அண்ணா, அந்தத் தர்பூசணி நிலம் நம்முடையது, அந்தத் தம்பி நான்தான். பெரியப்பாவுக்குப் பிள்ளையாகத் தாங்கள் பெய்பூவுக்குத் தத்துப் போனதில் இதெல்லாம் தங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டதும், மூன்று சாப்பாடு சாப்பிட்ட வயிற்றில் ஒரு பசி எழுந்தது. அது அவமானமாகவும் இருந்தது. நம் நிலத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்த்தாலும் அது அங்கேதான் நிற்கிறது.

"அப்ப முடிவு யார் சொல்லணும்?" என்று கேட்டு எழுந்தேன். "பொண்ணோட தாய்மாமன்தான். புதன்கிழமை உங்க வீட்டைப் பாக்க வருவான்" என்றாள் நாகாவ். பார்க்க வேண்டியவர்கள் நாம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

புதன்கிழமை தாய்மாமன் நாமோ வந்தான். ஆழ்கடல் கப்பலில் இருபது வருஷம் இருந்தவன், ஆள் கதவளவு. அவனிடம் தாள் எதுவும் இல்லை. முதலில் கதவைப் பார்த்தான், மூன்று பூட்டுகளையும் தொட்டுப் பார்த்தான். அப்புறம் பின்கட்டில் வரிசையாக நிற்கும் நம் கடுகுக்கீரைப் புட்டிகள் நூற்று எண்பதையும் பார்த்தான். நம் வீட்டில் பெருமைப்பட வேண்டிய இடம் அதுதானே, நானும் விளக்கைப் போட்டுக் காட்டினேன்.

"இதெல்லாம் யாருக்கண்ணே?" என்றான்.

"எங்களுக்குத்தான்."

"எப்பத் திம்பீங்க?"

"கஷ்ட காலத்துல."

"கஷ்ட காலம் இன்னும் வரலையா?"

நான் விளக்கை அணைத்தேன்.

"நேத்து இந்த வீட்டுல எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு பேர்."

"முந்தாநாளு?"

"ரெண்டு பேர்தான். பையன் லேட்டா வருவான். நான் முன்னாடியே சாப்பிட்டுருவேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யாருக்காவது சீக்கா அண்ணே? ஊரு ஒதுக்கி வெச்சிருக்கா?"

"இல்லப்பா. நாங்க எப்பவும் இப்படித்தான்."

நாமோ சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான், மூடினான், என் தோளில் கை வைத்தான். நான் நம் தரப்பில் பேச வேண்டியதை எல்லாம் நெட்டுரு போட்டு வைத்திருந்தேன்: பரம்பரை, இருபத்திரண்டு தலைமுறைக் குலப்புத்தகம், கவுரவம். அதற்கெல்லாம் அவன் இடமே கொடுக்கவில்லை. "கவலைப்படாதீங்கண்ணே. பையனை நாங்க எடுத்துக்கறோம்" என்றான் அவன், தண்ணீரில் விழுந்தவனைத் தூக்குகிற மாதிரி. நாம் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படலாமா வேண்டாமா என்று தாள் போட்டு ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, அவர்கள் நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டு முடித்துவிட்டார்கள், அண்ணா!

அன்று ராத்திரி வெய்-லுனிடம், "அங்க போனா உனக்குன்னு ஒரு செங்கல்லுகூடக் கிடையாதுடா" என்றேன். "இங்க மட்டும் என்னப்பா இருக்கு, புட்டிதான்" என்றான். "வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊரு சிரிக்கும்டா" என்றேன். "சிரிக்கறதுக்காவது நம்ம வீட்டுக்கு நாலு பேர் வரட்டும்" என்றான். பிள்ளையா இவன்?

ஆகவே, தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடித்தலும் திருத்தலும் போக மிஞ்சியதைப் படித்தால், நிலம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அவர்களுடையது. காசு நம்மிடம் கொஞ்சம் கூட, ஆனால் வெளியே எடுப்பதில்லை. அவர்களிடம் ஒன்றும் இல்லை, அதை ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. எது மேல், எது கீழ் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது வழக்கத்தைப் பிடித்துக்கொள்வதுதான் புத்தி. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் முடிவாக இருக்கிறேன். அவர்கள் மட்டமென்பதால் இல்லை, பிள்ளை போனால் எனக்கு யாரும் இல்லை என்பதால். அதைத் தாளில் எந்தத் தலைப்பிலும் எழுத முடியவில்லை, ஆகையால் இங்கே எழுதிவிட்டேன். தாங்களும் வேண்டாமென்று கடுமையாக ஒரு கடிதம் போடவும். என் பேச்சை அவன் கேட்க மாட்டான், தங்கள் எழுத்துக்குப் பயப்படுவான்.

தங்கள் காலடியில் விழுந்து, முன்னோர்கள் இருபத்திரண்டு தலைமுறையும் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் மடங்குகிற முழங்காலையும் அருள வேண்டி முடிக்கிறேன்.

தம்பி,
யூன்-லாய்.

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே உள்ளதைத் தபாலில் போடுமுன், வேண்டாம் என்று நேரில் சொல்லிவிடுவதுதான் நாகரிகம் என்று செவ்வாய்க்கிழமை பாலம் தாண்டிப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடியட்டும், சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வீட்டில் சாப்பாடு முடிவதே இல்லை, அண்ணா. ஒருத்தர் எழுந்தால் இரண்டு பேர் உட்காருகிறார்கள். புதன் காலை என் கையில் கத்தியைக் கொடுத்து மூங்கில் குருத்து உரிக்கச் சொன்னார்கள். உரித்து முடித்த பிறகுதான் எதற்கு என்று கேட்டேன், கல்யாணத்துக்கு என்றார்கள். வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. நான் ஆடினேன் என்று சொல்கிறார்கள், நம்ப வேண்டாம், கொஞ்சம்தான். சனிக்கிழமை எல்லாருமாக ஆற்றில் இறங்கி மீன் பிடித்துச் சேர்ந்து தின்றோம், அப்படித் தின்றால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்காம். அப்போது நாமோ, "உங்க பெரியண்ணன்கூட யாரு இருக்கா?" என்று கேட்டான். அண்ணி காலமாகிவிட்டார், ஒரு பிள்ளை தாய்ப்பேயில், ஒரு பிள்ளை அமெரிக்காவில், அண்ணன் மட்டும் பெரிய கூடத்தில் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார் என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவன் வலையைக் கரையில் போட்டுவிட்டான். பெண்கள் எல்லாரும் நாகாவைப் பார்த்தார்கள். "பாவம்" என்றாள் அவள், அதோடு முடிந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை நாமோ லாரி எடுத்துக்கொண்டு பெய்பூவுக்கு வருகிறான். வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிப் பார்க்காதீர்கள், அதைச் சொல்லப் போய்த்தான் நான் இங்கே நாகாவ் வீட்டிலேயே இருக்கிறேன். பலகைகளையும் ஏற்றிக்கொள்ளலாமாம், லாரியில் இடம் இருக்கிறது. என் அறைக்குப் பக்கத்து அறையைக் கூட்டிப் பாய் விரித்துவிட்டார்கள். வந்துவிடுங்கள், அண்ணா.